ஏப்ரல் 30, மாலை நான்கு மணி: தரவுத்தள சர்வருக்கு ஒரு வரைபட வார்ப்புரு

"சர்வர் ஸ்லோவா இருக்குங்க, கொஞ்சம் உட்காருங்க." கவுன்ட்டரில் பணியாற்றும் யாரும் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. எதிரே நிற்பவர் அடுத்துக் கேட்பதும் நமக்குத் தெரியும்: "எப்போ சரியாகும்?" அதற்குத்தான் நம்மிடம் பதில் இருப்பதில்லை. சர்வர் என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் எதுவும் நம் முன்னால் இல்லாததே காரணம்.

சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் ஒரு மண்டலம் ஆனது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. மூன்றும் மூன்று வகை அமைப்புகள் என்றாலும் சொத்து வரியைப் பொறுத்தவரை காலண்டர் ஒன்றுதான். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள், வரி செலுத்துபவருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 3,000 ரூபாய் என்றால் 150 ரூபாய் மிச்சம். மாதம் முழுக்க நேரம் இருந்தாலும் நம்மில் பலர் கடைசி இரண்டு நாளில்தான் கட்டுவோம். (இதை எழுதுபவரும் அதில் ஒருவர்தான்.) அதனால் வருடத்தின் மற்ற நாட்களில் நிம்மதியாக ஓடும் தரவுத்தள சர்வர், அந்த இரண்டு மாலைகளில் மட்டும் மூச்சுத் திணறுகிறது.

சர்வர் தாமதமானால் பொதுமக்களுக்கு 150 ரூபாய் போவது மட்டும் நஷ்டம் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும், ரசீது வந்திருக்காது. பதறிப்போய் மறுபடியும் பட்டனை அழுத்துவார்கள், இரண்டாவது முறையும் பணம் போகும். அதைத் திரும்பப் பெற மனு, நினைவூட்டல், இன்னொரு நாள் லீவு. தரவுத்தளத்தைக் கண்காணிக்கும் வேலைக்கும் பொதுமக்கள் சேவைக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், இந்த இரண்டாவது பட்டன் அழுத்தலைச் சொல்லுங்கள்.

ஒரு நகர்ப்புற உள்ளாட்சி அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஏப்ரல் கடைசியில் சர்வர் நின்றது. மெமரி போதவில்லை என்று முடிவு செய்து, கோப்பு நகர்ந்து, கூடுதல் மெமரி வாங்கிப் போட்டார்கள். அக்டோபர் கடைசியில் மறுபடியும் அதே நேரம், அதே மாதிரி நின்றது. "நெட்வொர்க்தான் சார் பிராப்ளம்" என்றார் ஒருவர். "இல்ல, அப்ளிகேஷன்" என்றார் இன்னொருவர். எல்லோரிடமும் கருத்து இருந்தது, யாரிடமும் வரைபடம் இல்லை. அதற்குப் பிறகுதான் வார்ப்புரு போட்டோம். அது என்ன காட்டியது என்பதைப் பாடத்தின் நடுவில் பார்ப்போம்.

எதைக் கொண்டு வரைவது?

இந்தப் பாடத்துக்குக் காக்டை என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பெயரின் பொருள் கள்ளிச்செடிகள். இயன் பெர்ரி 2001-இல் தொடங்கியது. அதன் அடியில் உண்மையில் எண்களைச் சேமித்துக் கோடு வரைவது ஆர்.ஆர்.டி.டூல், அதை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோபியாஸ் ஓட்டிக்கர். இன்று கிராஃபானா, பிராமிதியஸ் என்று புதிய கருவிகள் வந்துவிட்டன. உங்கள் அலுவலகத்தில் அவை இருந்தால் அவற்றிலேயே செய்யுங்கள்; கீழே சொல்லும் கணக்கும் தவறுகளும் அங்கேயும் பெரும்பாலும் பொருந்தும். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் காக்டை அதில் தாராளமாக ஓடும். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்று வைத்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்றால் அளவைகளின் பெயர்கள் மாறும், கேள்விகள் மாறாது.

வார்ப்புரு எதற்கு? ஒரே ஒரு சர்வர் என்றால் கையாலேயே ஒரு வரைபடம் போட்டுவிடலாம். ஆனால் வரி வசூலுக்கு ஒன்று, பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒன்று, நகல் சர்வர் ஒன்று என்று நான்கு ஐந்து ஆகும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில், ஒவ்வொரு அளவில் இருந்தால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. வார்ப்புரு என்பது இட்லித் தட்டு மாதிரி. மாவு வேறாக இருக்கலாம், குழி ஒன்றே.

காக்டையில் இது நான்கு அடுக்காக இருக்கும். முதலில் உள்ளீட்டு முறை: எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், அது என்ன எண்களைத் திருப்பித் தரும் என்பது. அதன் மேல் தரவு வார்ப்புரு: அந்த எண்களை எப்படிச் சேமிப்பது. அதற்கும் மேல் வரைபட வார்ப்புரு: எந்தக் கோடு, எந்த நிறம், எந்தத் தலைப்பு. கடைசியில் சாதன வார்ப்புரு: புதிய சர்வரைச் சேர்த்தால் இந்த வரைபடங்கள் அத்தனையும் அதற்குத் தானாக வர வேண்டும் என்று கட்டுவது. புதிதாகச் செய்பவர்கள் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் அடியிலிருந்து மேலே வாருங்கள்.

அடிப்படை: ஸ்கிரிப்ட்

மைஎஸ்கியூஎல் தன் உடல்நிலையைத் தானே சொல்லும். "ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்" என்று கேட்டால் சில நூறு எண்களை வரிசையாகக் கொட்டும். அதில் நமக்கு வேண்டிய ஏழெட்டை எடுத்து, பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று ஒரே வரியில் அச்சிடும் ஸ்கிரிப்ட் போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பத்து வரைபடம் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து தடவை தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பக் கூடாது. நோயாளிக்கு நாடி பார்க்கிறேன் என்று தூங்கவிடாமல் செய்வது போல ஆகிவிடும். ஹை பெர்ஃபார்மன்ஸ் மைஎஸ்கியூஎல் நூலின் ஆசிரியர்களில் ஒருவரான பேரன் ஷ்வார்ட்ஸ் காக்டைக்காகச் செய்த வார்ப்புருத் தொகுப்பில் இதற்கு நல்ல வழி இருந்தது: ஒரு ஸ்கிரிப்ட் ஒரே தடவை கேட்டு, பதிலைச் சிறிது நேரம் கோப்பில் வைத்துக்கொள்ளும், மற்ற வரைபடங்கள் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஸ்கிரிப்ட் உள்ளே நுழைய ஒரு பயனர் கணக்கு வேண்டும். அப்ளிகேஷன் பயன்படுத்தும் கணக்கை அப்படியே கொடுத்துவிடுவது பல இடங்களில் பழக்கம். வேண்டாம். நிலை எண்களைப் படிக்க எந்த அட்டவணையின் மீதும் உரிமை தேவையில்லை. கண்காணிக்கும் கணக்கால் எவருடைய பெயரையோ கதவு எண்ணையோ செல்பேசி எண்ணையோ பார்க்க முடியக் கூடாது. நாளைக்கு அந்தக் கடவுச்சொல் வெளியே போனாலும் மக்கள் விவரம் போகாது.

மீட்டர் ரீடிங்கும் டயர் பிரஷரும்

அடுத்த அடுக்கில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். சர்வர் தரும் எண்கள் இரண்டு வகை. "திரெட்ஸ் கனெக்டெட்" இந்த நிமிடம் எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன என்று சொல்லும். டயர் பிரஷர் மாதிரி, பார்த்த நேரத்து அளவு. இதை கேஜ் என்ற வகையில் சேமிக்க வேண்டும். "கொஸ்டியன்ஸ்" என்பது சர்வர் தொடங்கியதிலிருந்து வந்த வினவல்களின் மொத்தம். வீட்டு மின்சார மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும். மீட்டரில் இப்போது என்ன எண் என்பது யாருக்கும் தேவையில்லை. போன ரீடிங்குக்கும் இந்த ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம்தான் பில்.

காலை 10:00-க்கு 48,00,000. 10:05-க்கு 48,90,000. வித்தியாசம் 90,000, ஐந்து நிமிடம் என்பது 300 நொடி, ஆக நொடிக்கு 300 வினவல்கள். இந்த வகுத்தலை ஆர்.ஆர்.டி.டூலே செய்யும், கவுன்ட்டர் அல்லது டெரைவ் என்ற வகையைச் சொன்னால்.

இரண்டில் எது? 10:06-க்கு யாரோ சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள் என்று வையுங்கள். மீட்டர் பூஜ்யத்துக்குப் போய், 10:10-க்கு 12,000 காட்டுகிறது. கவுன்ட்டர் வகைக்கு எண் குறைவது என்றாலே மீட்டர் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது என்று பொருள். 32 பிட் அளவின் எல்லையான சுமார் 429 கோடியைக் கூட்டிக் கணக்குப் போட்டு, நொடிக்கு 1 கோடியே 43 லட்சம் வினவல் என்று ஒரு கம்பத்தை நட்டுவிடும். அந்தக் கம்பத்தின் உயரத்துக்கு அளவுகோல் இழுபட, மற்ற கோடு எல்லாம் தரையோடு ஒட்டிவிடும். அன்றைய வரைபடம் வீண். டெரைவ் வகையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்சம் 0 என்று வைத்தால் ரீஸ்டார்ட் ஆன இடத்தில் ஒரு சிறு இடைவெளி மட்டும் விழும். அந்த இடைவெளியும் நல்லதுதான். யாரோ சர்வரை நிறுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி.

அதிகபட்ச மதிப்பிலும் கவனம் வேண்டும். பயிற்சியில் பார்த்த மாதிரியைப் பின்பற்றி அதிகபட்சம் 100 என்று வைத்துவிட்டால், 100-ஐத் தாண்டும் எந்த மதிப்பையும் ஆர்.ஆர்.டி.டூல் 'தெரியாது' என்று பதிவு செய்யும். சாதாரண நாட்களில் இணைப்புகள் 20, 30 என்று இருக்கும்போது வரைபடம் அழகாக வரும். ஏப்ரல் 30 மாலை 120 ஆகும்போது, சரியாக நமக்கு வேண்டிய நேரத்தில், கோடு காணாமல் போய்விடும். சர்வர் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

இன்னொன்று. வரைபட வார்ப்புருவைப் பின்னால் மாற்றினால் எல்லா வரைபடமும் மாறிவிடும். ஆனால் தரவு வார்ப்புருவில் வகையையோ எல்லையையோ மாற்றினால், ஏற்கெனவே உருவான கோப்புகள் மாறாது. ஒவ்வொன்றாக டியூன் கட்டளை கொண்டு சரிசெய்ய வேண்டும். அதனால் இந்த அடுக்கில் அரை நாள் கூடுதலாகச் செலவழித்தாலும் பரவாயில்லை.

நான்கு வரைபடம் போதும்

சில நூறு எண்கள் கிடைக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் வரையாதீர்கள். அறுபது வரைபடம் உள்ள திரையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலாவது இணைப்புகள். இதில் மூன்று கோடு: திறந்திருக்கும் இணைப்புகள், அவற்றில் இந்த நொடி வேலை செய்பவை, மேலே ஒரு சிவப்பு எல்லைக்கோடு. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் கனெக்டெட். படிக்கட்டில் காலை வைத்து ஏறிக்கொண்டிருப்பவர்கள்தான் ரன்னிங். நிற்பவர்கள் அதிகம் என்றால் கூட்டம். படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் என்றால் ஏதோ அடைபட்டிருக்கிறது. சிவப்புக் கோடு "மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்" என்ற அமைப்பின் மதிப்பு. மைஎஸ்கியூஎல் நிறுவியபடியே விட்டால் அது 151. அதைத் தொட்ட அடுத்த நபருக்குக் கதவு திறக்காது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்: சிவப்புக் கோடு இல்லாத பிரஷர் மீட்டரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதே பேட்டையில் இப்போது தரவு மையங்கள் நிற்கின்றன. அங்கும் விதி அதுதான்.

இரண்டாவது வினவல்கள், நொடிக்கு எத்தனை என்று: படிப்பவை, புதிதாக எழுதுபவை, திருத்துபவை என்று அடுக்கடுக்காக. இது கூட்டம் எவ்வளவு என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

மூன்றாவது வட்டிலிருந்து படிப்பது. இங்கே 'ஹிட் ரேஷியோ' என்று ஒரு சதவீதத்தை வரைவது பழைய வழக்கம். மெமரியிலேயே கிடைத்தது 99 சதவீதம் என்றால் பிரமாதம் என்று தோன்றும். நொடிக்கு 20,000 முறை தேடினால், மிச்சம் ஒரு சதவீதம் என்பது 200 முறை வட்டைத் தொடுவது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று அங்கும் இங்குமாகச் சிதறிய இடங்களிலிருந்து நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் படிக்க முடியும். 99 வாங்கியும் ஃபெயில். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, "இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ்" என்ற எண்ணை நொடிக்கணக்கில் வரையுங்கள்.

நான்காவது பூட்டுக் காத்திருப்பு. ஒரே வரிசையை இரண்டு பேர் திருத்த வந்தால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் நிற்க வேண்டும். "இன்னோடிபி ரோ லாக் வெயிட்ஸ்" மீட்டர் வகை. "கரன்ட் வெயிட்ஸ்" அந்த நேரத்து அளவு. இரண்டையும் போடுங்கள்.

முன்பு சொன்ன அலுவலகத்துக்கு இப்போது வருவோம். அடுத்த ஏப்ரலில் இந்த நான்கும் திரையில் இருந்தன. மூன்று மணிக்கு வினவல்கள் ஏறின, எதிர்பார்த்ததுதான். வட்டுப் படிப்பு அசையவே இல்லை. அதாவது மெமரி போதும், வாங்கிய மெமரிக்கு அவசியமே இல்லாமல் இருந்தது. பூட்டுக் காத்திருப்பு மட்டும் செங்குத்தாக ஏறியது. அதைத் தொடர்ந்து ரன்னிங் கோடு, அதைத் தொடர்ந்து கனெக்டெட், நான்கு மணிக்குச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

பூட்டு எங்கே என்று தேடியதில், ரசீது எண் ஒரே ஒரு வரிசையில் இருந்தது. பணம் வந்தவுடன் அப்ளிகேஷன் அந்த வரிசையைப் பூட்டி அடுத்த எண்ணை எடுக்கும். பிறகு வரி செலுத்தியவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அனுப்பிவிட்டேன் என்று பதில் வந்த பிறகே பூட்டைத் திறக்கும். ரசீதுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி ஒருவர் போன் பேசிக்கொண்டிருக்க, பின்னால் வரிசை முழுக்க அந்தப் புத்தகத்துக்காக நிற்கிறது. வழக்கமான நாளில் போன் ஒரு நொடி, யாருக்கும் தெரியாது. கடைசி நாளில் குறுஞ்செய்தி தாமதமானது, வரிசை நின்றது. பூட்டுக்காக ஒருவர் 50 நொடி வரை காத்திருப்பார்; அதுதான் நிறுவியபடியே உள்ள கெடு. அதற்குப் பிறகு பிழை. பணம் கழிந்தவருக்கு ரசீது இல்லை. திருத்தம் சின்னது: முதலில் ரசீதை எழுதிப் பூட்டைத் திற, பிறகு குறுஞ்செய்தி அனுப்பு. மெமரிக்கு எழுதிய கோப்பைவிட இதற்கான கோப்பு மெலிசு.

போன வருடத்தை மறக்கும் வரைபடம்

ஆர்.ஆர்.டி. கோப்பு பெருகிக்கொண்டே போகாது. பழைய எண்களைச் சுருக்கிச் சுருக்கி வைக்கும். இன்றைய எண்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. சில நாள் போனால் அரை மணிக்கு ஒன்று. போன வருடம் என்றால் நாளுக்கு ஒன்று. சுருக்கும்போது சராசரி எடுக்கும். அந்தச் சராசரிதான் நம்மை ஏமாற்றும்.

ஒரு ஏப்ரல் 30-இல் 22 மணி நேரம் 20 இணைப்புகள், இரண்டு மணி நேரம் 150 இணைப்புகள் என்று வையுங்கள். நாள் சராசரி 31-க்கும் கீழே. ஒரு வருடம் கழித்துப் புதிதாக வந்த பொறியாளர் வருட வரைபடத்தைத் திறந்து, "போன ஏப்ரல்ல முப்பதுதான் சார், எல்லை 151, தாராளம்" என்பார். அவர் மேல் தப்பில்லை. மேக்ஸ் என்ற உச்ச மதிப்பையும் சேமிக்கச் சொல்ல வேண்டும். வரைபட உருப்படியிலும் சராசரிக்குப் பதிலாக மேக்ஸைக் கேட்க வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ஐந்து நிமிட இடைவெளிக்குள் வந்துபோன உச்சம் இதிலும் தப்பிவிடும். அதற்கு "மேக்ஸ் யூஸ்டு கனெக்‌ஷன்ஸ்" என்ற எண் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து தொட்ட உச்சத்தை அது நினைவில் வைத்திருக்கும்.

வரைபடத்தின் நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். கண்காணிப்புக் கணினி உலகப் பொது நேரத்தில் ஓடினால், காலை 10 மணிக்குக் கவுன்ட்டர் திறந்தது வரைபடத்தில் விடியற்காலை 4:30 என்று தெரியும். ராத்திரி யாரோ சர்வரில் நுழைந்துவிட்டார்கள் என்று புகார் எழுதிய கதை எனக்குத் தெரியும்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரே பொருளுக்கு எல்லா வரைபடத்திலும் ஒரே நிறம், கோப்பில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வேறுபாடு தெரிய வேண்டும். தலைப்பையும் கோடுகளின் பெயரையும் தமிழில் எழுதலாம். ஆர்.ஆர்.டி.டூல் 1.3 பதிப்பிலிருந்து, தமிழ் எழுத்துரு நிறுவியிருந்தால் 'இணைப்புகள்', 'பூட்டுக் காத்திருப்பு' என்று தெளிவாக வரும். உள்ளே சேமிக்கும் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், 19 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் திரையைப் பொறியாளர் மட்டும் பார்த்தால் போதாது, கவுன்ட்டரில் இருப்பவரும் பார்க்க வேண்டும். பூட்டுக் காத்திருப்பு ஏறுகிறது என்று தெரிந்தால் அவர் "கொஞ்சம் உட்காருங்க" என்பதோடு நிறுத்த மாட்டார். "பணம் போயிருந்தா மறுபடி கட்டாதீங்கம்மா, அரை மணி கழிச்சு ரசீது வந்திருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்பார். அன்று மாலை அதுதான் உண்மையான சேவை.

வார்ப்புரு தயாரான பிறகு நேரடி சர்வரில் போடுவதற்கு முன், சோதனை சர்வர் ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். இருபது இணைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் "செலக்ட் ஸ்லீப்" என்று 600 நொடி கொடுத்து நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் ரன்னிங் கோடு இருபது படி ஏற வேண்டும். பிறகு மைஎஸ்கியூஎல்-ஐ ரீஸ்டார்ட் செய்யுங்கள்; வினவல் வரைபடத்தில் இடைவெளி விழ வேண்டும், கம்பம் நிற்கக் கூடாது. இரண்டும் சரியாக வந்தால் மார்ச் மாதத்துக்குள்ளோ செப்டம்பருக்குள்ளோ ஏற்றிவிடுங்கள். கூட்டம் வருவதற்கு முன் சாதாரண நாட்கள் எப்படி இருக்கும் என்று கண் பழக, நான்கு வாரமாவது வேண்டும்.